பனி கொட்டும், அவன் வந்துவிடுவான்

டிசம்பரில் ஒட்டாவாவில் சாயங்காலம் நாலு இருபதுக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் அந்த நேரத்தை நினைத்துப் பயப்படாத ஊழியர் கிடையாது. மறதி நோய் வந்தவர்களுக்கு வெளிச்சம் குறையக் குறைய மனசு அலைபாய ஆரம்பிக்கும். இங்கே அதைச் சன்டவுனிங் என்பார்கள். காலையில் அமைதியாக டீ குடித்தவர் நாலரை மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே நிற்பார், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரவேண்டும் என்பார். அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது அறுபது வயது. இன்னொருவர் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேன் என்று அழுவார். ஒருவரை உட்கார வைத்துவிட்டுத் திரும்பினால் அடுத்தவர் எழுந்திருப்பார். அந்த வேளையில் பொது அறை டிவியில் ஹால்மார்க் என்ற அமெரிக்கச் சேனலின் கிறிஸ்மஸ் படம் ஓடிக்கொண்டிருக்கும். சிவப்புக் கோட்டு போட்ட பெண், கட்டம் போட்ட ஃபிளானல் சட்டைக்காரன், ஜன்னலுக்கு வெளியே பனி. எட்டு வருடமாக நான் பார்த்துவரும் காட்சி இது.

போன வாரம் விடுமுறை நாளில் வீட்டில் தனியாக அப்படியொரு படம் பார்த்துக்கொண்டிருந்தபோது சென்னையிலிருந்து கல்லூரித் தோழி கூப்பிட்டாள். சத்தம் கேட்டு என்ன படம் என்றாள், சொன்னேன். "முதல் அஞ்சு நிமிஷத்துலயே முடிவு தெரிஞ்சுபோற படத்தை எப்படிடீ ரெண்டு மணி நேரம் பார்க்கிறே? நீயா இப்படி?" என்றாள். கேலியில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பாளையங்கோட்டையில் படிக்கும்போது நானும் அவளும் சினிமா பார்த்துவிட்டு வந்து ராத்திரி முழுக்கச் சண்டை போடுவோம். யூகிக்க முடிகிற படம் என்றால் அது தோற்ற படம் என்பதுதான் அன்றைக்கு எங்கள் இருவரின் கட்சி. அதனால் அந்த "நீயா" எனக்குள் உட்கார்ந்துகொண்டது. போனில் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சொல்ல நினைத்ததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அட்டை விற்றவர்களின் படம்

இந்தப் படங்களைக் கொஞ்சமாவது பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். பெருநகரத்தில் விளம்பரக் கம்பெனியிலோ கட்டடக்கலை அலுவலகத்திலோ ஓயாமல் வேலை பார்க்கிற பெண், கிறிஸ்மஸுக்குச் சொந்த ஊருக்கு வருகிறாள். அங்கே ஒரு பேக்கரி, அல்லது ஒரு பழைய விடுதி, அல்லது ஒரு கிறிஸ்மஸ் மரத் தோட்டம் கைமாறிப் போகும் நிலையில் இருக்கிறது. அதைக் காப்பாற்றப் பாடுபடுகிற ஒருவன் இருக்கிறான், பெரும்பாலும் மனைவியை இழந்தவன், கூடவே சூட்டிகையான ஒரு மகள். பிஸ்கட் சுடுவார்கள், மரத்துக்கு விளக்குப் போடுவார்கள், பாதியில் ஒரு முத்தம் வரப்போகும், யாராவது கதவைத் தட்டிக் கெடுத்துவிடுவார்கள். முடிய இருபது நிமிடம் இருக்கும்போது ஒரு சின்ன மனஸ்தாபம் வரும், அதுவும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கக்கூடியது. அப்புறம் டிசம்பர் 24 ராத்திரி பனி கொட்டும், அவன் வந்துவிடுவான்.

இதைத் தயாரிப்பவர்கள் அடிப்படையில் வாழ்த்து அட்டைக் கம்பெனிக்காரர்கள். 1910இல் ஜாய்ஸ் ஹால் என்ற இளைஞர் இரண்டு செருப்புப் பெட்டிகளில் தபால் அட்டைகளை அடைத்துக்கொண்டு கான்சாஸ் சிட்டிக்கு வந்து ஆரம்பித்த வியாபாரம். 1951 கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் அவர்கள் பணத்தில் ஒரு ஆபெரா டிவியில் ஒளிபரப்பானது. ஹால்மார்க் சேனல் வந்தது 2001இல், கிறிஸ்மஸுக்கு நாள் எண்ணிக்கொண்டே தொடர்ந்து படம் போடும் வழக்கம் 2009இல். 2019இல் ஒரே பருவத்துக்கு நாற்பது புதுப் படம் எடுத்தார்கள். கனடாவில் இவை டபிள்யூ நெட்வொர்க்கில் வரும். இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. பிறந்தநாள் அட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு "இதில் புதுசாக ஒன்றும் இல்லையே" என்று நாம் யாரும் குறைப்படுவதில்லை. "நீடூழி வாழ்க" என்பதுதான் உள்ளே இருக்கும் என்று பிரிக்கும்போதே தெரியும். அந்த அட்டை வந்ததா, யார் நினைத்து அனுப்பினார்கள் என்பதைத்தான் பார்ப்போம்.

ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்கள் நான் அப்படி யோசிக்கவில்லை. எனக்குக் கோபம்தான் வரும். நான் சி.எஸ்.ஐ. வீட்டுப் பிள்ளை. கிறிஸ்மஸ் என்றால் அதிகாலை நாலு மணிக்குத் தலைக்குக் குளித்துப் புதுத்துணி கசகசக்க ஆராதனைக்கு ஓடுவது, அதற்கு முந்தின ராத்திரிகளில் கேரல் ரவுண்டு வருகிறவர்களுக்காக வாசலில் காபிப் பாத்திரத்தோடு அம்மா விழித்திருப்பது, முறுக்கு மாவு ஒட்டிய உள்ளங்கை. இந்தப் படங்களில் கோயில் மணி எப்போதாவது கேட்கும், குழந்தை இயேசுவைப் பற்றிப் பேச்சே இருக்காது. மரம், விளக்கு, கோகோ, பிஸ்கட். இதை வைத்து நாற்பது படமா என்று நினைப்பேன். அதைவிட, அறிவும் அனுபவமும் உள்ள பெரியவர்களுக்கு நாம் ஏன் பாலாடையில் ஊட்டுவது போல் இதை ஊட்டிக்கொண்டிருக்கிறோம் என்று உறுத்தும். அவர்களை மதிக்கிறேன் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை

எங்கள் மாடியில் ஒரு பெண்மணி இருக்கிறார். பெயர் வேண்டாம். ஒட்டாவா பள்ளத்தாக்கில் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தியவர், அதனால் ஊழியர்கள் நாங்கள் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவோம், அவருக்கும் அது பிடிக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால், டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை, பொது அறையில் டீச்சரும் இன்னும் நாலைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முந்தின நாள் போட்ட அதே ஹால்மார்க் படம் மறுபடி ஓடப்போகிறது. நான் ரிமோட்டை எடுத்தேன். வேறொரு சேனலில் பரிசெல்லாம் வாங்கிய ஒரு குடும்பப் படம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. நல்ல நடிப்பு, பழைய காலத்து வீடு, பனிக்காலம். டீச்சருக்குப் பிடிக்கும் என்று மனசார நம்பித்தான் மாற்றினேன்.

இருபது நிமிடம்வரை ஒன்றுமில்லை. அப்புறம் படத்தில் கணவன் ராத்திரியில் காரை எடுத்துக்கொண்டு போகிறான், மனைவி சமையலறையில் காத்திருக்கிறாள், கதவு தட்டப்படுகிறது, இரண்டு போலீஸ்காரர்கள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் அப்போது ஒருவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் எழுந்து நின்றதைக் கண்ணால் பார்க்கவில்லை, மடியிலிருந்த கம்பளி கீழே விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. திரும்பினேன். "யார்? யாருக்கு என்ன ஆச்சு?" என்று டிவியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். உடனே சேனலை மாற்றினேன், உட்கார வைத்தேன், கையைப் பிடித்துக்கொண்டேன். பத்து நிமிடத்தில் படம் அவருக்கு மறந்துபோனது. படம் பார்த்தோமா என்று கேட்டால் இல்லையே என்பார். சரி, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. யாரிடமும் பேசவில்லை. ஒன்பது மணிக்கு நைட்டி மாற்றிவிடும்போது என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் பிடி அவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. "எனக்கு ஏன் இவ்வளவு வருத்தமா இருக்கு? ஏதோ நடந்திருக்கு. உங்க எல்லாருக்கும் தெரியும். யாரும் எனக்குச் சொல்ல மாட்டேங்கிறீங்க" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒன்றும் நடக்கவில்லை டீச்சர், எல்லாரும் நல்லா இருக்காங்க என்றேன். அவர் நம்பவில்லை. காரணம் மறந்துபோய் வருத்தம் மட்டும் தங்கிவிட்டது, அதற்கு ஒரு காரணத்தை அவர் இருட்டில் தேடிக்கொண்டிருந்தார். தூங்கும்போது மணி பன்னிரண்டு தாண்டியிருக்கும் என்று ராத்திரி ஷிஃப்டில் இருந்தவர் மறுநாள் சொன்னார்.

இதைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். 2014இல் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான காட்சிகளையும் பிறகு மகிழ்ச்சியான காட்சிகளையும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். சில நிமிடம் கழித்துக் கேட்டால் பார்த்தது அவர்களுக்குச் சரியாக நினைவில்லை, சிலருக்குத் துளியும் இல்லை, ஆனால் அது எழுப்பிய உணர்ச்சி மட்டும் அப்படியே இருந்திருக்கிறது. சோகக் காட்சியை எவ்வளவுக்கு மறந்தார்களோ அவ்வளவுக்குச் சோகம் நீடித்தது என்பதும் அதில் ஒரு முடிவு. அதைப் படித்த அன்று டீச்சரின் பிடி மறுபடி என் மணிக்கட்டில் இருந்தது.

அந்த வியாழக்கிழமைக்கு மறுநாள் எங்கள் சார்ஜ் நர்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். பிலிப்பைன்ஸ்காரர், இருபது வருடமாக இந்த வேலையில் இருப்பவர். திட்டவில்லை. "அவங்களுக்கு முடிவு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்" என்றார், மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

விரலைத் தூக்குவார்

அன்று சாயங்காலம் முதன்முறையாக நான் அவர்களுக்காகப் படம் போடாமல் அவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். டீச்சருக்குப் பக்கத்தில். படத்தில் கதாநாயகி ஒரு கடையிலிருந்து கோப்பையோடு வெளியே வருகிறாள், எதிர்ப்பக்கத்திலிருந்து அவன் வருகிறான். டீச்சர் வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கினார், வகுப்பில் பிள்ளைகளை அமைதியாகக் கவனிக்கச் சொல்வது போல. "இப்போ அவன் மேல கொட்டிடுவா பாருங்க." கொட்டினாள். டீச்சர் விரலை மெல்ல இறக்கி எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அந்த முகத்தை என்னால் விவரிக்க முடியுமா தெரியவில்லை. கன்னம் இரண்டும் சிவந்து, உதட்டை அடக்கிக்கொண்டு, சொன்னேனா இல்லையா என்கிற முகம்.

அவருடைய ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் எழுந்தால் இன்று என்ன கிழமை என்று கேட்பார்கள், தவறாகச் சொல்வார். டாக்டர் வந்தால் மூன்று வார்த்தை சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார், வராது. கடிகாரம் வரையச் சொல்வார், எண்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பல் செட் எங்கே, அறை எங்கே, சாப்பிட்டாயிற்றா, எதைச் சொன்னாலும் ஒருவர் அன்பாகத் திருத்துவார். முப்பது வருடம் மற்றவர்களின் விடைத்தாளைத் திருத்தியவர் அவர். நாள் முழுக்கத் தவறு போட்டு வாங்குகிற அந்த மனுஷி சாயங்காலம் இரண்டு மணி நேரம் கேள்விக்குக் கேள்வி சரியாகச் சொல்கிறார். இவன் அந்த அம்மாவின் பழைய நட்சத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுப்பான். எடுத்தான். இப்போது சண்டை வரும். வந்தது. முத்தம் இப்போது கிடையாது, இன்னும் நேரமிருக்கு. கிடைக்கவில்லை. நானும் என் தோழியும் ஒரு காலத்தில் குறை என்று தள்ளிவைத்த அந்த யூகம், இங்கே ஒருவருக்குத் தன் மூளையின் மேல் மிச்சமிருக்கிற நம்பிக்கை.

நடுவில் தூங்கிப்போனாலும் ஒன்றும் கெட்டுவிடாது. விளம்பரம் கழித்தால் படம் 84 நிமிடம் போலத்தான் இருக்கும், அதை ஒன்பது பாகமாகப் பிரித்து எழுதுவார்கள். ஒவ்வொரு இடைவெளி முடிந்ததும் யார் யாரை விரும்புகிறார்கள், எதைக் காப்பாற்றப் போகிறார்கள் என்பது பேச்சுவாக்கில் இன்னொரு முறை வந்துவிடும். பரிசுப் பொட்டலம் கட்டிக்கொண்டும் சமைத்துக்கொண்டும் பார்க்கிறவர்களுக்காக அப்படி எழுதியிருப்பார்கள். மறந்துகொண்டே பார்க்கிறவர்களுக்கும் அது அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்திவிட்டது. அதுவரை அத்தனை வருடம் அந்த அறையில் நின்ற நான் அதைக் கவனித்ததே இல்லை.

தொடர்ந்து உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்த பிறகு இன்னொன்றும் கண்ணில் பட்டது, எனக்கு இந்தப் படங்களைப் பற்றி இருந்த அபிப்பிராயத்தை முழுசாகப் புரட்டியது இதுதான். இவற்றை இனிப்பு மிட்டாய் என்பார்கள், துக்கமே இல்லாத படம் என்பார்கள். உண்மையில் துக்கம் இல்லாத ஹால்மார்க் படம் அபூர்வம். அவனுக்கு மனைவி இல்லை. அவளுக்கு அம்மா இல்லை, அல்லது அப்பா போன பிறகு வருகிற முதல் கிறிஸ்மஸ். பாட்டி எழுதிவைத்த சமையல் குறிப்பு, தாத்தா செதுக்கிய மரப்பொம்மை, செத்துப்போனவர் கையெழுத்தில் ஒரு கடிதம். வீடு முழுக்க இல்லாதவர்கள்தான். ஆனால் அந்தச் சாவெல்லாம் படம் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். படம் ஆரம்பித்துவிட்டால் யாரும் சாக மாட்டார்கள். கதவு தட்டினால் பக்கத்து வீட்டுக்காரி பிஸ்கட் தட்டோடு நிற்பாள், போலீஸ்காரன் நிற்க மாட்டான். இந்த உத்தரவாதத்தைத்தான் அந்த அறையில் இருக்கிறவர்கள் கேட்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. கிழவன் கிழவியாகிறவரைக்கும் வந்தவர்களுக்குக் கதவு தட்டப்படுவது என்றால் என்னவென்று தெரியும். அவர்களிடம் போய் வாழ்க்கை எதிர்பாராதது என்று பாடம் நடத்த எந்தச் சினிமாவுக்கும் தகுதியில்லை.

டீச்சரின் கணவரைப் பற்றி அவருடைய மகள்தான் பிறகு எனக்குச் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. அந்த வியாழக்கிழமை நான் செய்த காரியம் அதற்கப்புறம் இன்னும் கனமாகிவிட்டது என்று மட்டும் சொல்கிறேன்.

ஆகஸ்ட் மாதத்துப் பனி

ஒட்டாவாவிலிருந்து முக்கால் மணி நேரக் கார்ப் பயணத்தில் அல்மான்ட் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. மிசிசிப்பி என்றே பெயர் கொண்ட ஒரு ஆறு, அமெரிக்காவில் இருப்பது அல்ல, இது எங்கள் ஒண்டாரியோ மிசிசிப்பி, ஊர் நடுவில் விழுந்து ஓடும். பழைய கம்பளி ஆலைகள், கல் கட்டடங்கள், சரிவான மில் தெரு. இந்தக் கிறிஸ்மஸ் படங்கள் பலவற்றை இங்கேதான் எடுக்கிறார்கள். படத்தில் வெர்மான்ட் என்பார்கள், ஏதோ ஒரு அமெரிக்கச் சிற்றூரின் பெயரைப் பலகையில் எழுதி மாட்டுவார்கள், மற்றபடி தெரு அல்மான்ட்தான். மேற்கே வான்கூவரைச் சுற்றியும் நிறைய எடுக்கிறார்கள். ஒரு படத்தை எடுத்து முடிக்க இரண்டு மூன்று வாரம்தான், கோடையிலேயே எடுத்தால்தான் டிசம்பருக்குத் தயாராகும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆகஸ்ட்டில் நானும் என் கணவரும் ஐஸ்கிரீம் சாப்பிடலாம் என்று அங்கே போனோம். வெயில் 31 டிகிரி, புழுக்கம் வேறு. மில் தெருவில் பாதியைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள், மறித்த பக்கம் கிறிஸ்மஸ். கடை வாசல்களில் பச்சை மாலை, விளக்குக் கம்பத்தில் சிவப்பு ரிப்பன். புல்வெளி மேல் வெள்ளைப் போர்வை மாதிரி ஒன்றை விரித்து ஓரங்களை மடித்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முதுகில் மாட்டிய குழாயால் ஜன்னல் விளிம்புகளில் நுரையைப் பீய்ச்சினார், அது நாலைந்து நிமிடத்தில் உருக ஆரம்பிக்க மறுபடி வந்து பீய்ச்சினார். கம்பளிக் கோட்டும் மஃப்ளரும் போட்ட கூட்ட நடிகர்கள் நிழலில் வரிசையாக உட்கார்ந்து கையடக்க விசிறியைக் கழுத்துக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணி கையுறையைக் கழற்றி உதறியபோது வியர்வை சொட்டியது. யாரோ குரல் கொடுத்தார்கள், எல்லாரும் எழுந்து, கையுறை மாட்டி, குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்தார்கள். அவர்களைப் பார்த்து எனக்கே குளிர்ந்தது.

போனில் படமெடுத்து வந்து டீச்சரிடம் காட்டினேன். காட்டலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் காட்டினேன், அந்தப் பனி பொய் என்று தெரிந்தால் படம் அவருக்குக் கெட்டுப்போகுமோ என்று பயம். டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இந்த ஓரத்துல புல் தெரியுது. இன்னும் கொஞ்சம் இழுத்து விடணும்" என்றார். அப்புறம் சொன்னார், பள்ளிக்கூடக் கிறிஸ்மஸ் நிகழ்ச்சிக்கு ஒவ்வொரு வருடமும் மேடைக்குப் பனி செய்தது அவர்தானாம். வீட்டுப் படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் விரிப்பாராம், மேலே பஞ்சு, பஞ்சுக்கு மேல் சோப்புத்தூள், அப்போதுதான் விளக்கில் மினுங்குமாம். ஒரு தடவை மேய்ப்பனாக நடித்த பையன் தும்மித் தும்மி வசனமே சொல்லவில்லையாம். இவ்வளவும் அவருக்கு நினைவிருந்தது. யாரோ வேலை மெனக்கெட்டுச் செய்கிற பனி அது என்று அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். நான்தான் அவரைக் குழந்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாருடைய ஊர்

இவ்வளவு சொன்ன பிறகு எனக்கு இந்தப் படங்கள் மேல் இருக்கிற வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். ரொம்ப காலம் அந்த ஊர்களில் வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் காதலித்தார்கள். எங்களைப் போன்ற நிறத்தில் ஒருத்தி இருந்தால் கதாநாயகியின் தோழியாக இருப்பாள், நல்ல யோசனை சொல்வாள், அவளுக்கென்று யாரும் பனியில் ஓடி வர மாட்டார்கள். 2019 டிசம்பரில் ஒரு கல்யாண இணையதளத்தின் விளம்பரத்தில் மணப்பெண்கள் இருவர் முத்தமிட்டதற்காக ஹால்மார்க் சேனல் அந்த விளம்பரத்தை நிறுத்தியது, நாலா பக்கமும் எதிர்ப்பு வந்ததும் மன்னிப்புக் கேட்டது. அடுத்த மாதமே அதன் தலைமை அதிகாரி விலகினார். 2020இல் ஒரு படத்தில் ஆண் இணையர் இருவரின் கதை முக்கியக் கதைகளில் ஒன்றாக வந்தது, 2022இல் அப்படிப்பட்ட இருவரே நாயகர்களான படம் வந்தது.

எங்கள் மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார், அவரோடு நாற்பது வருடம் வாழ்ந்த துணைவர் தினமும் ஐந்து மணிக்கு வந்து, அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து படம் பார்ப்பார். அந்த இரண்டு நாயகர்கள் படம் பொது அறையில் ஓடிய அன்று துணைவர் ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டி வைத்தார். நாற்பது வருடம் மற்றவர்களின் கதையைத்தான் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பது அந்த இரண்டு புள்ளியில்தான் எனக்கு உறைத்தது. முடிவு தெரிந்த கதை ஆறுதல் தரும் என்றால் அந்த முடிவு எல்லாருக்கும் உண்டு என்றாக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

ஊர் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற கதையும் எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. சாயங்கால ஷிஃப்டில் அந்த அறையில் நிற்கிற நாங்கள் எல்லாருமே சின்ன ஊரை விட்டு வந்தவர்கள், ஒருத்தி பிலிப்பைன்ஸின் செபுவிலிருந்து, ஒருத்தி கோட்டயத்திலிருந்து, நான் பாளையங்கோட்டையிலிருந்து. கிறிஸ்மஸ் அன்று எங்களுக்கு டபுள் ஷிஃப்ட். ஊருக்குப் போனால் காப்பாற்றுவதற்குப் பேக்கரி எதுவும் காத்திருக்காது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம்தான் நின்றுபோகும். இருந்தும் படத்தில் கதாநாயகி காரில் ஏறி ஊர்ப் பலகையைத் தாண்டுகிற காட்சி வரும்போது நாங்கள் மூன்று பேரும் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு டிவியைப் பார்ப்போம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம்.

தோழிக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. இந்தச் சனிக்கிழமை நடந்ததை வேண்டுமானால் அவளுக்குச் சொல்வேன். டீச்சரின் மகள் கிங்ஸ்டனிலிருந்து வந்திருந்தார், இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு, சாலை முழுக்க வழுக்கல். இந்த இலையுதிர் காலத்திலிருந்து டீச்சருக்கு மகளை அடையாளம் தெரிவதில்லை. பழைய பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்தவர் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசுவார். இரண்டு பேரும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு படம் பார்த்தார்கள். பாதிப் படத்தில் டீச்சர் மகளின் பக்கம் சாய்ந்து ரகசியம் போலச் சொன்னார்: "என் மகளுக்கு இந்தப் படம்னா உயிர். சனிக்கிழமைன்னா வந்துடுவா."

"அப்படியா" என்றார் மகள். கம்பளியை அம்மாவின் தோள்வரை இழுத்துவிட்டார். டிவியில் அவள் விடுதி வாசலில் தனியாக நிற்கிறாள், விளக்குகள் ஒவ்வொன்றாக எரிகின்றன.

"இப்போ என்ன நடக்கும்?" என்று மகள் கேட்டார்.

டீச்சர் விரலைத் தூக்கினார்.